அமைதியான வேன்

அந்தப் பெண் முதன்முதலாக இடம் மாற்றிக் கேட்டது மழைக்காலத்திலா, பரீட்சை நெருங்கிய சமயத்திலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவிருக்கிறது என்று நான் சொல்வதையும் பாதிதான் நம்ப வேண்டும். வண்டி ஓட்டுகிறவனுக்குச் சாலைதான் தெரியும். முதுகுக்குப் பின்னால் நடப்பது காதில் விழுந்தால் உண்டு.

பள்ளி வேன் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது லேசான வேலை இல்லை. கடைசி வரிசையில் மூன்று பெரிய பெண்கள். நான் அவர்களை மந்திரிசபை என்பேன். சும்மா இருந்தால் தங்களுக்குள்ளேயே முடியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் அவர்கள் எறிந்த தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து என் பிரேக்குக்கு அடியில் சிக்கியது. எதிரே லாரி. எப்படி ஒதுக்கி நிறுத்தினேன் என்று இன்றும் தெரியாது. வேன் நிறைய பிள்ளைகள். அன்று வெகுநேரம் யோசித்தேன். மெல்வதற்கு ஏதாவது கிடைத்தால் நாய் குரைக்காது.

அவளுக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தது. பெயரும் கம்பி என்றே ஆகிவிட்டது. அப்பா இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். அதிர்ந்து பேசாத பிள்ளை. மந்திரிசபைக்கு நடுவில் போய் உட்காரச் சொன்னேன்.

"ஏய் கம்பி, கொஞ்சம் சிரிடீ. போனுக்கு டவரே கெடைக்கல."

மூவரில் ஒருத்தி இப்படிச் சொன்னதும் வேனே சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவைதானே. அதன்பின் யாரும் யாரையும் அடித்துக்கொள்ளவில்லை. பாட்டில் பறக்கவில்லை. அவள் சத்தம் போடுகிறவள் இல்லை என்பதால் எனக்கும் தொந்தரவில்லை.

பிறகு என் ஜன்னலோரம் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, நான் முன்னாடி உக்காந்துக்கட்டுமா?"

"முன்னாடி எடமில்ல பாப்பா."

"கீழயே உக்காந்துக்கறேண்ணா. கியர்கிட்ட. கால மடக்கிக்கறேன், இடிக்கவே மாட்டேன்."

இன்னொரு நாள், வழி முழுக்க நின்றுகொண்டே வருகிறேன் என்றாள். அது விதிமுறைக்கு விரோதம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முன் சீட்டில் என் சாப்பாட்டுப் பை இருந்தது.

ஒரு காலையில் அவள் அம்மா வேனை நிறுத்தினாள். பக்கத்தில் மகள். புருவத்தில் பாதி இல்லை.

"அண்ணே, வேன்ல யாராச்சும் இவள எதாச்சும் சொல்றாங்களா? சாப்பிட மாட்டேங்கறா, தூங்க மாட்டேங்கறா. புருவத்த அவளே பிச்சுக்கறாண்ணே. கேட்டா வாயே தெறக்கல."

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வேன் அமைதியாக இருந்தது.

"செல்லம் ஜாஸ்தியாயிடுச்சும்மா. வேன்ல கலகலன்னுதான் வருது. ஸ்கூலுக்கு மட்டம் போட இதெல்லாம் ஒரு வேஷம்."

அம்மா அவளை ஓங்கி ஓர் அறை அறைந்து உள்ளே தள்ளிவிட்டாள். கடைக்கு நேரமாகியிருக்கும். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எப்போது என்று தெரியவில்லை, ஒருநாள் பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் இறங்கவில்லை. கடைசி வரிசையில், எதிரே இருந்த சீட்டின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உடை நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் அசையவில்லை. காவலாளியும் நானும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நான் அவள்மேல் கை வைத்ததில்லை. அவளைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். கேட்க ஆளில்லாத பிள்ளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

மந்திரிசபை மூவரும் தேறி மேல்படிப்புக்குப் போய்விட்டார்கள். அவள் அம்மா கடை வேலையை விட்டுவிட்டாள். மகள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், பேசுவதில்லை. அம்மா ஊட்டினால் சாப்பிடுகிறாளாம். இதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் அதே வேனைத்தான் ஓட்டுகிறேன். கடைசி வரிசைக்கு இந்த வருடம் வேறொரு பிள்ளையைப் பார்த்து உட்காரவைத்திருக்கிறேன். கொஞ்சம் தெம்பான பிள்ளை, தாங்கும்.