விழிக்காத மூன்று சிலிண்டர்கள்

இந்த அறை மின்விசிறிக்கு பேரிங் போய்விட்டது. பத்து நிமிட வேலை. கழற்றிக் கொடுத்தால் நானே மாற்றித் தருவேன். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

மச்சானின் வேன் ஆறு சிலிண்டர் வண்டி. சமமான சாலையில் நிதானமாக ஓடும்போது ஆறும் தேவையில்லை என்று மூன்று நின்றுவிடும். பட்டறையில் அதை 'தூங்குது' என்போம். ஒரு சின்ன கன்ட்ரோல் வால்வு ஆயிலை அனுப்பினால் அந்த மூன்றும் தூங்கும், நிறுத்தினால் விழிக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தியதும் விழித்தாக வேண்டும். அதை நம்பித்தான் ஒருவன் லாரியை முந்துகிறான்.

மச்சான் என் தங்கையின் கணவன். பதினெட்டு வருஷம் ஒரே பட்டறை, ஒரே தட்டில் சாப்பாடு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வண்டியைத் தானே தொடக்கூடாது, மற்றவர்தான் பார்க்க வேண்டும். ஒருவர் முடுக்கிய போல்ட்டை மற்றவர் தொட்டுப் பார்ப்பதும் கிடையாது.

போன மாதம் ஒரு டாக்டரம்மா கார் விட வந்தார்.

"உங்க கை நடுங்குதாமே? இனிமே என் வண்டிய உங்க மச்சானே பாக்கட்டும்."

யார் சொன்னது என்றேன்.

"அவர்தான். உங்க தங்கச்சியும் பக்கத்துலதான இருந்தாங்க."

கூடவே இருந்து குழி பறித்துவிட்டான். அவளாவது வாயைத் திறந்திருக்கலாம். தினமும் மத்தியானம் சாப்பாட்டோடு வந்து, "அண்ணே, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாம்ணே" என்று நச்சரிப்பாள். என்னை ஓரங்கட்டத்தான் அந்தக் கரிசனம் என்று அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரமே மச்சான் வேனைக் கொண்டுவந்தான். வால்வு மாற்ற வேண்டும்.

"தூரப் பயணம் மச்சான். நீங்க பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

நடிப்பைப் பாருங்கள். கை நடுங்குகிறவனிடம் ஏன் வண்டியை விட்டான் என்கிறீர்களா? அதை அவனிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

அலமாரியில் ஒரு பழைய வால்வு கிடந்தது. சூடேறினால் சிக்கிக்கொள்ளும், ஆறியிருக்கும்போது சமர்த்தாக வேலை செய்யும். துடைத்து அதைத்தான் பூட்டினேன். மச்சான் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் வழக்கம் அப்படி.

மறுநாள் காலை கிளம்பினார்கள். தங்கையும் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நானே சாத்தினேன்.

"போயிட்டு வரேண்ணே. சுகர் மாத்திரைய மறந்துடாதீங்க."

"பாத்துப் போயிட்டு வாங்க," என்றேன்.

லாரியை முந்தும்போது வேகம் எடுக்கவில்லை, எதிரே பஸ் வந்துவிட்டது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. எப்படி எடுக்கும்? மூன்று தூங்கிக்கொண்டிருந்தன. இருவரையும் நான்தான் கொன்றேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த வால்வைப் பூட்டிய விதத்தைப் பார்த்தீர்களா? ஒரு போல்ட்டில்கூட மரை போகவில்லை, ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. நடுங்குகிற கை செய்கிற வேலையா அது? இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே, இங்கேயா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் பேனா சரியில்லை. வேறு கொடுங்கள்.