வெள்ளிக்கிழமை அலை

இன்னா மச்சி, ஸ்கிரீனையே மொறச்சிக்கினு கீற? மொறச்சா மட்டும் கோடு எகிறிடுமா? மூணு மணிக்கு ஜெர்மனிக்காரங்களுக்கு, அலை கிடைச்சிடுச்சுன்னு மெயில் அனுப்பணும், தெரியும். இன்னும் அரை மணி கீதுல்ல. ஒக்காரு அஸ்வின்.

இல்லப்பா, ஹீலியம்லாம் கரெக்டா கீது. காலைல நான்தான ஊத்துனேன். காந்தமும் ஓடுது. இந்த நதீம் வெறும் டெக்னீஷியன்தான், ஒத்துக்கிறேன், உன்ன மாதிரி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கல. ஆனா மூணு வருஷமா கூடவே கீறேன்ல. ஈர்ப்பு அலைன்னா வெட்டவெளியே அதிர்றது. அது காந்தத்துக்குள்ள வந்தா இந்த செம்பு டப்பால ரேடியோ சிக்னலா மாறும். இவ்ளோ வேகமா அதிர வைக்க, தெரிஞ்ச நட்சத்திரம் எதுக்கும் தெம்பில்ல. அதனால ஒரு தபா கேட்டாலே அது புதுசு, எந்த புக்குலயும் இல்லாதது. சரியா சொன்னனா? பாத்தியா, சிரிக்கிற.

அப்டின்னா ஒரு டவுட்டு. போன மூணு வெள்ளிக்கிழமையும் கோடு எகிறிச்சே, ஒண்ணே காலுக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணிக்கு அடங்கிச்சு. மத்த நாள் காந்தம் ஓடல, சரி. வானத்துல ஒரே மூலைலேர்ந்து வருதுன்னு உன் கைடு சந்திரிகா மேடம்கிட்ட அடிச்சு சொன்ன. நட்சத்திரம்லாம் தினம் நாலு நிமிஷம் முன்னாடியே வந்துடும்னு நீதான சொன்ன? அப்போ இதுவும் வாரத்துக்கு அரை மணி முந்தி வரணுமே. ஏன் ஜும்ஆ தொழுகைக்கு வர்ற மாதிரி டைம் தவறாம வருது?

மொறைக்காத. சொல்றேன்.

தொழுகைல ஒரு தபா என் போன் அடிச்சி, பள்ளிவாசலே திரும்பிப் பாத்துச்சு. மானம் போச்சு. சைலன்ட்ல போட்டாலும் டர்ர்னு அதிரும், ஆஃப் பண்ணா மறுபடி ஆன் ஆவாது, பட்டன் அவுட்டு. டேபிள்ல வச்சா, கறி வாங்கினு வான்னு என் பொண்டாட்டி சாய்மா பத்து தபா அடிப்பா, மேடம் எடுத்துப் பேசிடுவாங்க. அதான் சிக்னலே உள்ள வராத எடமா பாத்து, டப்பாவைச் சுத்தி நாம கட்டுன இரும்பு ரூமுக்குள்ள வச்சிட்டுப் போவேன். டவர் கிடைக்கலன்னா போன் சும்மா கிடக்கும்னு நெனச்சேன். அப்பதான் டவரைத் தேடி ரேடியோல இன்னும் ஜாஸ்தியா கத்துமாம்.

போன வாரமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீ அம்மாவுக்கு போன் போட்டு, அழுதுக்கினே சிரிச்சியா, மூணு வருஷத்துல உன்ன நான் அப்டிப் பாத்ததே இல்ல. சொல்ல வாய் வரல மச்சி. எனக்கே கஷ்டமா ஆயிடுச்சு.

இன்னிக்கு போனை வூட்டுலயே வச்சிட்டு வந்தேன்.