சரிசமமான எதிராளி

– அதுவும் வேணாம், அருணு. விண்டோஸ்ல மட்டும்தான் ஓடுமாம். நம்ம லேப் முழுக்க லினக்ஸ்.

– அரே, ராணி மேடம், நல்ல குடும்பத்து எஞ்சின் அது.

– நம்ம செஸ் புரோகிராமோட மோத எதிராளி தேடச் சொன்னா, மாப்பிள்ளை பார்க்குற மாதிரி பேசாத. வேற எது கிடைச்சுது?

– உலகத்துலயே பெரிய பலசாலி ஒண்ணு. லினக்ஸ்ல ஜம்முனு ஓடுது. நம்ம எஞ்சினோட ஆயிரம் ஆட்டம் மோதவிட்டேன்.

– என்னாச்சு?

– ஆயிரமும் தோல்வி. ஆனா ரொம்ப மரியாதையா அடிச்சான்.

– எல்லாத்துலயும் தோத்தா, நம்மது தேறிச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?

– நியாயம்தான். அடுத்து ஒரு சோப்ளாங்கியைப் பிடிச்சேன். ஆயிரமும் வெற்றி. அதுலயும் ஒண்ணும் தெரியல. மனசுக்கு மட்டும் நல்லா இருந்துச்சு.

– பாதி ஜெயிக்கணும், பாதி தோக்கணும். அப்படி ஒரு எதிராளி வேணும். விளங்குச்சா?

– அதான் ஒருத்தன் இருக்கானே.

– முத்துராஜ் எஞ்சினைச் சொல்லாத.

– ஏன்? லினக்ஸ்லயே எழுதினது. நடுவுல நின்னதில்ல, நேரம் தாண்டினதில்ல. எழுதினவன்தான் லேப்புக்கு எப்பவும் லேட்டு. கேட்டா, எங்க கட்சால் தீவுக் கப்பலே அப்படித்தான்ம்பான்.

– அவன் வண்டூர் கடல்ல படகு கவிழ்ந்து செத்து எட்டு மாசமாச்சு, அருணு.

– நியாயம்தான். எஞ்சினுக்கு யாரும் சொல்லல. தினம் ஆடுது.

– திங்கக்கிழமை நம்ம கைடு சிவஞானம் சார் வர்றாரு. நம்மது முன்னைவிட ஒரு படியாவது ஏறியிருக்கணும், இல்லாட்டி புராஜெக்ட் ரத்துன்னுட்டாரு. அப்படி ஆச்சுன்னா, படிச்சது போதும், ஹேவ்லாக் ரிசார்ட்ல ரிசப்ஷன்ல நில்லுன்னுவாரு எங்கப்பா.

– உனக்குச் சிரிக்க வராதே. டூரிஸ்ட் பயந்துருவான்.

– டேய், விளையாடாத. ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் நம்மது முத்துராஜோடதை ஜெயிக்குது. மறுநாள் பார்த்தா மறுபடி பாதிக்குப் பாதி. அது எப்படி?

– தீவு ஈரம். கம்ப்யூட்டருக்குள்ள இறங்கியிருக்கும்.

– அருணு.

– யானையோட மதிப்பைக் கொஞ்சம் குறைச்சேன்.

– என்னது?

– நம்ம எஞ்சின் ஒவ்வொரு காய்க்கும் ஒரு மதிப்பு வெச்சிருக்குல்ல? யானையோடதைக் குறைச்சுட்டேன். இப்ப அது யானையைப் பிச்சைக்காசு மாதிரி வெட்டுக்குக் கொடுக்கும்.

– எதுக்குடா?

– நம்மது தாண்டிப் போயிருச்சுன்னா பழைய எதிராளியைத் தூக்கிட்டு, இன்னும் பலமா ஒண்ணைச் சேர்க்கணும். அதான் வழக்கம். தூக்கிட்டா அப்புறம் அவனோடது ஆடாது.

– சார்கிட்ட என்ன சொல்லலாம்னு இருந்த?

– நான் ஒரு முட்டாள்னு. உடனே நம்பியிருப்பாரு.

– யானையைப் பழையபடி வை. இப்பவே.

– வெச்சாச்சு. ஓடவிட்டாச்சு. பாரு... அரே, க்யா ஹுவா, என்னாச்சு இதுக்கு? இப்பவும் பாதிக்குப் பாதிதான் வருது. சத்தியமா யானையைத் தவிர நான் எதையும் தொடல, ராணி.

– தெரியும்.

– பின்ன யாரு தொட்டது?

– குதிரையோட மதிப்பைக் குறைச்சது நான். நீயே அவனைத் தூக்கிரு, அருணு. எனக்குக் கை வர மாட்டேங்குது.