தெரோனின் மூக்கு

— மூக்கு எங்கண்ணே?

— மெழுகுத் தலைக்கு நடுவுல நெட்டா நிக்குதே தாயி, அதுக்குப் பேரு என்ன?

— அது மூக்குதான். ஆனா என் வீட்டுக்காரர் மூக்கு இல்ல. அவரு மூக்கு பாதி வழி நேரா வந்து, என்னமோ ஞாபகம் வந்த மாதிரி இடது பக்கம் திரும்பும். காது ரெண்டும் அத்திப்பழம் கணக்கா வீங்கியிருக்கும். நம்ம சிக்கியோன் ஊர்ல சின்னக் கொழந்தைகூட கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாத்தே இது தெரோன்னு சொல்லிடும். ஊருக்கே வெண்கலம் வார்க்கற உங்களுக்குத் தெரியலையா?

— தெரியாம என்ன மிர்த்தோ! இந்தத் திமோலாஸ் முப்பது வருஷமா மனுஷன் மூஞ்சியப் பாத்தே வயித்தக் கழுவறவன். ஆனா ஒலிம்பியா சட்டம்னு ஒண்ணு இருக்கு பாரு. மூணு தடவை ஜெயிச்சவன் சிலைக்குத்தான் அவன் சொந்த மூஞ்சிய வைக்கலாம். ஒரு தடவை ஜெயிச்சவனுக்குப் பேரு மட்டும் சொந்தம். மூஞ்சி பொதுவா, லட்சணமா இருக்கணும்.

— அப்போ அடி வாங்கினது இவரு, அழகு எவனோ ஒருத்தனுக்கா?

— சட்டம் எழுதினவன் உன்னக் கேக்காம எழுதிட்டான்.

— அண்ணே, போட்டி நடக்கறப்போ கல்யாணமானவ ஆத்தத் தாண்டி வரக்கூடாதுன்னுட்டாங்க. அவரு ஜெயிச்சத நான் பாக்கல. ஆலிவ் கிரீடமும் ரத்தம் சொட்டற மூக்குமா எங்க வாசல்ல வந்து நின்னாரே, அதுதான் நான் பாத்த ஒலிம்பியா. அந்த மூக்கு இல்லாத சிலை எனக்கு எதுக்கு?

— அஞ்சு நாள் நடந்து வந்தும் ரத்தம் நிக்கலையா?

— பெரிய குத்துண்ணே! சும்மாவா பின்ன?

— அப்போ ஒண்ணு பண்ணு. இன்னும் ரெண்டு தடவை ஜெயிச்சுட்டு வரச்சொல்லு. மூக்கு, காது, தழும்பு எல்லாத்தையும் அப்படியே வச்சுத் தர்றேன்.

— வாயக் கழுவுங்க! இதோட போதும்னு எங்கிட்ட சத்தியம் பண்ணி, கையில சுத்தற தோல் வாரை ஹெராக்கிள்ஸ் கோயில் ஆணியில மாட்டிட்டாரு. இன்னும் ரெண்டு ஒலிம்பியான்னா எட்டு வருஷம். மண்டையில மிச்சமிருக்கற புத்தியும் சிதறிப்போகும். இந்தச் சட்டத்த மட்டும் அவரு காதுல போட்டுடாதீங்க. கேட்டா இன்னிக்கே கிளம்பிடுவாரு.

— நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா பாத்துக்க, நாளைக்குக் காலையில இது மேல களிமண்ணப் பூசி, மெழுக உருக்கி வடிச்சுட்டு வெண்கலத்த ஊத்திடுவேன். அப்புறம் ஜீயஸ் சாமியே இறங்கி வந்தாலும் மாத்த முடியாது. இரு, யாரோ கூப்பிடறாங்க.

— ஏ புள்ள மிர்த்தோ! உள்ளதான் இருக்கியா?

— அவருதான்! இருங்க, தொறக்கறேன்.

— தொறக்காத! நான் தள்ளி நின்னுக்கறேன். இரு… இன்னும் ரெண்டடி. ம், உள்ளேருந்து ஒரு தட்டு தட்டிட்டு மெதுவாத் தொற.

— என்ன வஸ்தாது, ஒலிம்பியாவையே குத்தி வீழ்த்தினவரு ஒரு கதவுக்கா பயப்படறீங்க?

— தெருப்பக்கமாத் தொறக்கற கதவு ஓய். உள்ளேருந்து தட்டாமத் தொறந்தா போறவன் வர்றவன் கதி என்னாங்கறேன்? சரி சரி, காட்டும் என் தலைய.

— இதோ. முன்ன பின்ன இருந்தா மன்னிக்கணும்.

— என்னங்க, எதுக்கு முஷ்டியத் தூக்கறீங்க?

— கம்முனு இரு புள்ள. ரெண்டு முஷ்டியையும் தூக்கி, நடுவுல பாக்கறேன். இப்படித்தானே இவன நான் பாத்திருக்கேன்… ஓய் திமோலாஸ்! இது லிக்காஸ்!

— லிக்காஸா? அது யாருங்க?

— ஆர்கோஸ்காரன். கடைசிச் சண்டையில எனக்கு எதிர நின்னவன்! தோத்தவன் மூஞ்சிய மாட்டிக்கிட்டு நான் ஒலிம்பியாவுல நிக்கணுமா?

— கோவிச்சுக்காதீங்க வஸ்தாது. போன மாசம் இந்தப் பக்கமா வந்தான். லட்சணமான ஆளு. கிரேக்க தேசத்துலயே மூக்கு நேரா இருக்கற ஒரே குத்துச்சண்டைக்காரன். கொஞ்சம் நில்லுப்பான்னேன், நின்னான். யாரு சிலைக்குன்னு கேட்டான். சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சான்.

— சிரிச்சானா! என் சொந்த மூஞ்சிய வைக்க நான் என்ன பண்ணணும்? சொல்லும்.

— அண்ணே, வேணாம்!

— மன்னிச்சுக்க தாயி, அந்த முஷ்டி இன்னும் இறங்கல. மூணு தடவை ஜெயிக்கணும் வஸ்தாது.

— ஜெயிக்கறேன்! இப்பவே கோயிலுக்குப் போறேன், வாரை எடுக்கறேன்.

— எங்கிட்ட பண்ணின சத்தியம்?

— அவன் சிரிச்சிருக்கான் புள்ள!

— ஒரு நிமிஷம் நில்லுங்க. அண்ணே, மெழுகு இன்னும் இளக்கமாத்தானே இருக்கு?

— வெயில்பட்டு இளகித்தான் இருக்கு, கைய வச்சுடாத… ஐயோ! கட்டைவிரல எடு தாயி! என் மூக்கு! என் மூக்கு!

— உங்க மூக்கு இல்லண்ணே, என் மூக்கு. இன்னும் துளியூண்டு இடது பக்கம். ம். காதுக்கு ரெண்டு உருண்டை மெழுகு குடுங்க.

— ஒரு மாச வேலை! கொல்லனுங்க சாமி ஹெபைஸ்டஸே, நீயே வந்து கேளு!

— ஏ புள்ள… அது நானு.

— நீங்களேதான்.

— ஒலிம்பியா நடுவருங்க வாசல்லயே தடுத்து நிறுத்துவாங்க! தெரோன் மூஞ்சிய வைக்கக்கூடாது!

— இது தெரோன் மூஞ்சின்னு யாரு சொன்னா? லிக்காஸ நிக்க வச்சு செஞ்சதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்லுங்க. என் வீட்டுக்காரர் கையில மாட்டினதுக்கு அப்புறம் பாவம் அவன் இப்படி ஆயிட்டான்னு சேத்துச் சொல்லுங்க. தோத்தவன் மூஞ்சிய வைக்கக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?

— அது… இல்ல. தோத்தவனப் பத்தி எவன் சட்டம் எழுதப்போறான்?

— சிரிக்கறீங்க பாருங்க!

— சிரிப்பு வருதே, என்ன பண்ண? நான் வச்ச மூக்கவிட இதுக்குத்தான் உயிர் இருக்கு. இப்படியே வார்த்துடறேன்.

— அப்போ வாரு ஆணியிலயே கெடக்கட்டும் புள்ள. நான் எங்கயும் போகல.

— என் கண்ணுல தண்ணி வந்தா கண்டுக்காதீங்கண்ணே. சந்தோஷத்துல வருது.

— ஆனா ஒண்ணு இடிக்குது வஸ்தாது. கடைசிச் சண்டையில எதிராளி மூக்க நீங்க தூள் தூளாக்கினீங்கன்னு ஊரே பேசுது. எங்கிட்ட வந்த லிக்காஸ் மூக்கு கோயில் தூண் மாதிரில்ல நின்னுச்சு? ஏன் தரையப் பாக்கறீங்க?

— ஏங்க, பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் குத்திக்கிட்டோம்னீங்களே!

— முதல் குத்து அவன் காதோரமாக் காத்துல போச்சு. அவ்ளோதான், தோத்தேன்னு விரலத் தூக்கிட்டான்.

— அப்போ அவன் உங்களத் தொடவே இல்லையா?

— அவன் தொடல. அதுக்கு முந்தி நாலு பேரு காதுல குத்தினாங்க, தாடையில குத்தினாங்க. மூக்குல ஒருத்தன் கைபடல.

— பின்ன உங்க மூக்க உடைச்சது யாரு? பேரச் சொல்லுங்க, நானே போய் அந்தப் படுபாவிய ஒரு கை பாக்கறேன்!

— வேணாம் புள்ள. சொன்னா உன் மூஞ்சி வாடிடும்னுதான் இத்தன நாளா மூடி வச்சேன்.

— சொல்லப்போறீங்களா இல்லையா?

— அஞ்சு நாள் நடந்து, கிரீடத்தோட நம்ம வாசக்கதவுகிட்ட வந்து நின்னேனா? என் காலடிச் சத்தம் கேட்டு ஓடி வந்து, ஒரு தட்டு தட்டாம, படார்னு நீதான் புள்ள தொறந்தே.