பதினேழால் வகுபட்ட முப்பத்துமுக்கோடி

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஐயா. காற்று அதிகமானால் எனக்குத் தும்மல் வரும். மற்றபடி உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. இழுப்பு நோயெல்லாம் தம்பிக்குத்தான்.

நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார், அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி போன பிறகு ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குச் சோறு வடித்துப் போட்டவன் அவன்தான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

31, 331, 3331 என்று மூன்றுகளை அடுக்கிக் கடைசியில் ஒன்று போட்டுக்கொண்டே போனால், முதல் ஏழும் பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. எட்டாவது எண், முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று. அதுவும் பகா எண் என்று இளவயதில் ஒரு கருத்தரங்கில் அறிவித்தேன். கையாலேயே வகுத்துப் பார்த்ததாகச் சொன்னேன். கைதட்டினார்கள். பதவி உயர்வு வந்தது. மாணவர்கள் எனக்கு 'முப்பத்துமுக்கோடி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். யாரும் திரும்ப வகுத்துப் பார்க்கவில்லை. மரியாதை என்றால் அதுதான்.

என் ஓய்வு விழாவுக்கு முந்தின நாள் மாலை, தம்பி மேடைப் பேச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். சமையலறை மேசையில் குனிந்து ஏதோ வகுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சிரித்தான்.

"அண்ணா, உன் முப்பத்துமுக்கோடி பதினேழுக்கு மசிஞ்சிடுச்சு. மீதியே இல்ல."

"சரியாப் பாருடா."

"பாத்துட்டேன். இவ்ளோ பெரிய எண்ணு, சுண்டைக்காய் பதினேழுகிட்ட மாட்டிக்கிச்சு. நாளைக்கு மேடையில நாமளே சொல்லிடுவோம். நாலு பேரு சிரிப்பாங்க, அவ்ளோதான்."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் சிரிப்பு அவனுக்கு ஆகாது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பானது. மருந்து பம்ப் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. கையை நீட்டினான்.

"அண்ணா... பம்ப்பு..."

"இருடா, ஒரு தடவ வகுத்துப் பாத்துடறேன்" என்றேன்.

அவன் பென்சிலையே எடுத்துக்கொண்டேன். முப்பத்து மூன்றில் ஒரு பதினேழு, மீதி பதினாறு. அடுத்த மூன்றை இறக்கினால் நூற்று அறுபத்து மூன்று. வகுத்தலில் அவசரம் ஆகாது. அவன் எழுந்து வரப் பார்த்தான். நாற்காலி சாய்ந்தது, அவனும் சாய்ந்தான். கடைசியில் ஐம்பத்தொன்று வந்தது. மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. மீதி பூஜ்யம்.

ஒரே தடவை வகுத்துவிட்டு நம்புவது கணக்கு வாத்தியாருக்கு அழகல்ல. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அது முடிவதற்குள் தரையில் சத்தம் நின்றுவிட்டது. பம்ப்பை அவன் கையில் வைத்து விரல்களை மடக்கினேன். பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன்.

பம்ப்பின் மூடி ஏன் கழற்றப்படவில்லை என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். கணக்கில் மூழ்கிவிட்டேன், விடை தெரியாமல் எழுந்திருக்க முடியவில்லை, பம்ப்பைக் கொடுத்தபோது நேரம் கடந்துவிட்டது என்றேன். பாவம், நீங்களும் தலையாட்டினீர்கள்.

அதைத் திருத்திக்கொள்ளுங்கள், ஐயா. அந்த எண் பதினேழால் வகுபடும் என்பது, கருத்தரங்கு முடிந்த வாரமே எனக்குத் தெரியும். அன்று மாலை எனக்கு விடை தேவைப்படவில்லை. அவன் அடங்கும்வரை கையில் ஒரு கணக்கு தேவைப்பட்டது.