பாயிஸாவின் இமைமுடி

மழைக்காலத்தில் கண்மை பிடிப்பது லேசான வேலையில்லை, லெப்பை. திரி நமுத்துவிடும், புகை சட்டியில் ஒட்டாது. அப்படியிருந்தும் கெலிஓயாவில் கல்யாணம் என்றால் மை என்னுடையதுதான். கைரியாவின் கை பட்டால் பூனைக்கண்ணும் மான்கண்ணாகும் என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பள்ளிவாசல் லெப்பை நீங்கள், எழுதிக்கொள்ள வேண்டும், முதலிலிருந்து சொல் என்றீர்கள், அதனால் சொல்கிறேன்.

பாயிஸா என் கூடப்பிறந்த ராத்தாவின் மகள். உம்மாவை மவுத்தாக்கிய காய்ச்சல் மகளை விட்டுவிட்டு அவளுடைய இமைமுடியை மட்டும் கொண்டுபோனது. அன்றிலிருந்து என் வீட்டில்தான் வளர்ந்தாள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண் நிமிரக் கூடாது. கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பாள். ஆகவே கண்ணை யாரும் பார்ப்பதில்லை, இமைமுடியைத்தான் பார்ப்பார்கள். வத்தேகமவிலிருந்து வந்த மாப்பிள்ளை ஹலீமின் உம்மா வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே, "புள்ள நல்லம். கண்ணுதான் உரிச்ச கோழி மாதிரி ஈக்குது" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஊருக்கெல்லாம் மையிடுகிறவள் வீட்டில் மொட்டை இமை. ஆனாலும் பெண்ணை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. நாற்பதாம் நாள் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுப் போனாள்.

ஆமணக்கெண்ணெயில் மையைக் குழைத்து, தினமும் சாயங்காலம் அஸர் தொழுத பிறகு பாயிஸாவின் இமையோரத்தில் தடவினேன். இருபது நாளில் முடி எட்டிப் பார்த்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்தச் சமயத்தில் கோப்பித் தோட்டங்களில் இலை நோய்க்குச் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த தூளைத் தூவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடைக்கு அரிசி வாங்க வரும் கறுப்பையா, தூள் போட்டதும் மொட்டைக் கொம்பெல்லாம் தளிர் விட்டதாக என் புருஷனிடம் சொன்னான். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். கொம்பே தளிர்க்கும்போது இமை தளிர்க்காதா என்று தோன்றிற்று. சிரிக்காதீர்கள், லெப்பை. எலிக்கு வைக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொன்னேன்.

கொடுக்கும்போதே சொன்னான். "பாத்துங்கம்மா, கண்ணுல பட்டா போச்சு. நாங்களே மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டுத்தான் தூவப் போறோம்."

ஒரு சிட்டிகைதான் கலந்தேன். மூன்றாம் நாள், "கண்ணு பத்துது சாச்சி" என்றாள் பாயிஸா.

"பத்தினாத்தான் புள்ள வளரும்" என்றேன்.

நம்பினாள். எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். கண் சிவந்து நீர் வடிந்தபோது, கல்யாணப் பெண் உம்மாவை நினைத்து அழுகிறாள் என்று வந்தவர்களிடம் சொன்னேன். ஒன்பதாம் நாள், "சாச்சி, வெளக்கு ரெண்டா ஈக்குது" என்றாள். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. முடியும் கருகருவென்று வளர்ந்திருந்தது. வளர்த்தது எண்ணெயா தூளா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டையுமே நிறுத்தவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். அவள் இமைக்கவில்லை. "எங்க ஈக்கிறீங்க சாச்சி?" என்றாள். கண்டியில் வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். வண்டி கட்டினால் பகலுக்குள் போய்விடலாம். ஆனால் போனால் என்ன போட்டாய் என்று அவர் கேட்பார், ஊருக்குத் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கைரியாவின் மை குருடாக்கிற்று என்று இந்தக் காது கேட்க வேண்டுமே என்று கூசினேன். அவள் தலையை மடியில் வைத்து, "கல்யாணம் முடிஞ்சாச் சரியாகிடும், ஆருக்கும் வாய் தொறக்காத" என்று சொல்லி, கடைசித் தடவையும் தடவினேன்.

கல்யாணத்தன்று அவள் தலை நிமிரவேயில்லை. என்ன அடக்கம் என்று மெச்சினார்கள். ஹலீமின் உம்மா அந்த இமைமுடியை விரலால் தொட்டுப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றாள். என் உச்சி குளிர்ந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் ஹலீமுக்குத் தெரிந்துவிட்டது. பாயிஸா பிறவிக் குருட்டை மறைத்து ஏமாற்றிவிட்டாள், கள்ளி, தலாக் சொல்கிறேன் என்று நிற்கிறான். அவளோ இந்த நிமிஷம் வரை என் பெயரைச் சொல்லவில்லை. அவள் யாரையும் ஏமாற்றவில்லை, லெப்பை. நல்ல கண் இருந்தது. தெரிந்தே நான்தான் கெடுத்தேன். இதை அந்த வீட்டார் முன்னால் நீங்கள் வாசிக்க வேண்டும். அவளைத் திருப்பி அனுப்பாதிருக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று பல்லேகலயிலிருந்து ஸக்கியா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாயிஸாவின் இமைமுடியைக் கல்யாணத்தில் பார்த்தாளாம், அதே மை வேண்டுமாம். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். வெறும் எண்ணெயைக் கொடுத்து முடி வளராவிட்டாலும் கேட்பாள். அந்த வெட்கத்துக்கு அஞ்சி ஒரு சிமிழ் கொடுத்தனுப்பினேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை, லெப்பை. தூளைப் பாதியாகக் குறைத்துத்தான் கலந்தேன்.