ஆர் விட்ட எண்ணெய்

...அப்ப நான் பொய்யே சொல்லுறன், அருட்செல்வன்? நல்லாய்ப் பாடின றெக்கோட் பிளேயர் தானாய்ப் பழுதாகுமே? போன வருசம் உந்த றேடியோ திருத்துற யாகோப்பு கழட்டிப் பூட்டினவன். அவன்ரை வேலைதான் உது! பூட்டி முடிய ஒரு ஸ்குரு மிஞ்சிப்போச்செண்டு என்ரை கையிலை தந்திட்டுப் போனவன்!

மெல்லமாய்க் கழட்டும் தம்பி... புத்தூரிலையிருந்து உம்மடை நெல்லியடிக் கடை மட்டும் மடியிலை வைச்சுக்கொண்டு வந்தனான். துணியாலை சுத்தினதைப் பாத்திட்டு, பஸ்ஸிலை பக்கத்திலை இருந்த பிள்ளை, 'பிறந்தநாள் கேக்கோ அன்ரி?' எண்டுது. கேக்காம் கேக்கு!

என்ன நோயெண்டு சொல்லுறன், கேளும். துவங்கேக்கை பாடுறது பொம்பிளை, முடிக்கேக்கை ஆம்பிளை! அப்பிடி இழுக்குது. பக்கத்து வீட்டு நிரோஜா மதிலாலை எட்டிப் பாத்து, 'ஆருக்கு மாமி சுகமில்லை?' எண்டாள்.

எங்கடை இவர் வெள்ளிக்கிழமை கனடாவாலை வாறார். மகளிட்டைப் போய் மூண்டு மாசம். எனக்கு விசா குடுக்கேல்லை. போகேக்கை என்ன சொன்னவர்? கதவைப் பூட்டிக்கொண்டு படு எண்டே? 'பாட்டுப் பெட்டியிலை கை வையாதை' எண்டார்! நாப்பத்தொரு வருசம் குடும்பம் நடத்தினவளுக்கு! சரி, கை வைச்சன்தான்... வீடு சத்தமில்லாமல் கிடந்துது தம்பி. காலமை அவர் போடுற பாட்டில்லாமல் எனக்குத் தேத்தண்ணி இறங்கேல்லை. பாட்டுத்தான் போட்டன். வேறையொண்டும் செய்யேல்லை.

என்ன, உள்ளுக்கை எண்ணெயோ? எனக்கெப்பிடித் தெரியும்! தட்டைச் சுத்துற ரப்பர் சில்லிலையும் பிசுபிசுப்போ? எண்ணெய் பட்டால் வழுக்குமோ? அதுதான் இழுபடுதோ! பாத்தீரே யாகோப்பின்ரை வேலையை!

சந்தனமோ? எங்கை, காட்டும்... ஓம், அது நான். போன மாசம் ஆயுத பூசைக்கு அருவாள், தேங்காய்த் திருவலை, தையல் மெசின், இவரின்ரை சைக்கிள் எல்லாத்துக்கும் பொட்டு வைச்சனான். இதுக்கு மட்டும் வையாமல் விட்டால் சரியே? பொட்டுத்தான்... பொட்டு மட்டும்.

துடைச்சு முடிஞ்சுதோ? நல்ல வேலைகாரன் நீர். இப்ப என்ன விடுறீர், மெசின் எண்ணெயோ? நடுத்தண்டுக்கு ரெண்டு சொட்டு... அட, மூடிப்போட்டீரே! என்ன தம்பி கஞ்சத்தனம், உது காணுமே? நான் அரைப்போத்தல் நல்லெண்ணெயெல்லே விட்டனான்!

...

ஏன் உப்பிடிப் பாக்கிறீர்? பூசைக்கு முதல்நாள் தையல் மெசினுக்கு விட்டன், சைக்கிளுக்கு விட்டன். அதுகள் ஓடுதுதானே!

சரி, சரி. பாட்டைப் போட்டுக் காட்டும்... ஓம்! உதுதான், உந்தக் குரல்தான்! இவர் வந்து அடுப்படி வாசல்லை நிக்கிற மாதிரிக் கிடக்கு. நல்லாயிருப்பீர் தம்பி.

இஞ்சை, இவர் வந்து கேட்டால் யாகோப்பெண்டு சொல்லும், என்ன? ...பாவமோ? அப்ப எலியெண்டு சொல்லும். ...எலிக்கு எங்காலை நல்லெண்ணெயெண்டு கேப்பரோ? கேப்பர், கேப்பர். அந்த மனிசன் கேக்கும்.

சரி, விடும். நானே சொல்லுறன். பாட்டைப் பலமாய்ப் போட்டிட்டு, அடுப்படியிலை நிண்டு சொல்லுறன். கேட்டால் கேக்கட்டும்.